முதல் ஸ்போரனைக் கையால் தைப்பது: இரண்டு வார இறுதிகள் போதுமா?

வாசகர் கேள்வி, 8 ஜனவரி 2023

வரும் செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் இன்வர்னஸில் நண்பர் ஒருவருக்குத் திருமணம். மாப்பிள்ளைத் தோழர்கள் எல்லோரும் கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் அணியும் மடிப்புப் பாவாடை) அணிய வேண்டும் என்பது ஏற்பாடு. கில்ட்டை வாடகைக்கு எடுத்துக்கொள்வேன். முன்னால் தொங்கும் ஸ்போரனை மட்டுமாவது நானே செய்து அணிய ஆசை. இதுவரை தோலில் ஊசி குத்திப் பழக்கமில்லை. படங்களைப் பார்த்தால் அது ஒரு சிறிய பைதான்: ஒரு மூடி, மூன்று குஞ்சங்கள், ஒரு சங்கிலி. இரண்டு வார இறுதிகளில் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் பழைய தோல் சோபா ஒன்று கிழிந்து கிடக்கிறது. அதன் தோல் உதவுமா?

9 ஜனவரி 2023

முடியாது. எனக்கு முதல் ஸ்போரன் பதினொரு வாரம் பிடித்தது. அதுவும் நேராகத் தொங்கவில்லை.

சோபாத் தோலை மறந்துவிடுங்கள். அது குரோம் உப்பால் பதனிட்ட தோல். ஒரு மில்லிமீட்டர் அளவே தடிமன் இருக்கும், இழுத்தால் நீளும், வெட்டிய விளிம்பைத் தேய்த்தால் மெருகு ஏறாது, நனைத்து வளைத்தால் வளைந்தபடி நிற்காது. ஸ்போரனுக்கு வேண்டியது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட மாட்டுத்தோல். தண்ணீரில் நனைந்ததும் களிமண்ணைப் போல இணங்கி, காய்ந்ததும் கொடுத்த உருவத்தைப் பிடித்துக்கொள்வது இந்தத் தோல் மட்டுமே. டெவன் மாவட்டத்துக் கோலிட்டனில் ஓக் மரப்பட்டையோடு ஓராண்டுக்கு மேல் குழியில் ஊறவைத்துப் பதனிடும் பழைய ஆலை ஒன்று இன்றும் இயங்குகிறது. அந்தத் தோலை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, முதல் முயற்சிக்கு வாங்காமல் வந்துவிடுங்கள். வீணாகும்போது வயிறு எரியும்.

வாங்கும்போது மாட்டின் எந்தப் பகுதி என்று கேளுங்கள். வயிற்றுப் பகுதி மலிவாகக் கிடைக்கும். ஆனால் நீளும், சுருங்கும். தோள் பகுதியில் ஒரு ஸ்போரனுக்கும் ஒரு தவறுக்கும் போதுமான தோலை வாங்குங்கள். தடிமன் 2 மில்லிமீட்டர் என்று கேளுங்கள்; எல்லாத் துண்டுக்கும் அது போதும்.

கில்ட்டுக்குப் பாக்கெட் கிடையாது என்பதால்தான் இந்தப் பை வந்தது. ஸ்காட்டிஷ் கேலிக் மொழியில் அந்தச் சொல்லுக்கே பணப்பை என்றுதான் பொருள். பகலில் அணியும் எளிய தோல் ஸ்போரன், உரோமமும் வெள்ளிப் பூட்டும் கொண்ட விருந்து ஸ்போரன், இரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்று, இராணுவக் குழல்காரர்கள் அணியும் நீண்ட குதிரைமயிர் ஸ்போரன் என்று வகைகள் உண்டு. புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் வகையைத் தவிர வேறு பேச்சே வேண்டாம்.

9 ஜனவரி 2023, இரவு

கருவிகளைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். நான் முதலில் முப்பது கருவிகள் கொண்ட பெட்டி ஒன்றை வாங்கினேன். அதில் ஏழைத்தான் இன்றுவரை தொட்டிருக்கிறேன்: கூரான கத்தி, இரும்பு அளவுகோல், தையல் துளைகளை வரிசையாகக் குத்தும் 3 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள பல் உளி, குத்தூசி, விளிம்பு சீவி, மர மெருகுகோல், வட்டத் துளைப்பான். முனை மழுங்கிய சேண ஊசி இரண்டு, மெழுகு நூல், இரு கையும் விடுபட்டிருக்கத் தொடைகளுக்கிடையே இடுக்கிக்கொள்ளும் மரக் கவ்வி ஆகியவற்றைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது. சித்திர முத்திரைகள் இன்றும் பிளாஸ்டிக் உறையோடு இருக்கின்றன. யாருக்காவது வேண்டுமென்றால் அஞ்சல் செலவு மட்டும் கொடுத்தால் போதும்.

15 ஜனவரி 2023

நீங்கள் அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். மூடியின் மேல் கெல்ட்டிக் முடிச்சுக் கோலம், குஞ்சத்தின் நீளம், மூடியைப் பூட்டும் குமிழின் இடம் எல்லாம் அழகாக வரைந்திருக்கிறீர்கள். பின்பக்கத்துக்கு ஒரு செவ்வகம் போட்டு விட்டுவிட்டீர்கள். நானும் அப்படித்தான் செய்தேன். என் முதல் ஸ்போரன் கெட்டது அந்தச் செவ்வகத்தில்தான்.

இந்தப் பொருளைப் பை என்று நினைப்பதே முதல் பிழை. பையை மேசை மேல் வைத்து அழகு பார்க்கலாம். இது நாள் முழுவதும் இரண்டு புள்ளிகளைப் பிடித்துத் தொங்கப்போகிறது. இடுப்பைச் சுற்றிவரும் வாரின் இரு முனைகளிலும் சங்கிலி இருக்கும். சங்கிலியின் நுனியிலுள்ள சிறு குறுக்குக் கம்பிகள் ஸ்போரனின் முதுகிலுள்ள இரண்டு காதுகளில், அதாவது கம்பி நுழையும் பிடிகளில், மாட்டிக்கொள்ளும். பார்ப்பவர் கண்ணில் அந்தக் காதுகள் படுவதேயில்லை. ஆனால் சாவி, பணம், தொலைபேசி ஆகியவற்றின் எடை முழுவதையும் தாங்குவது அவைதான். காதுகள் முதுகின் நடுவில் இருந்தால், எடை முன்பக்கத்தில் இருப்பதால் தலை முன்னால் சாய்ந்து, ஸ்போரன் உங்கள் காலணியைக் குனிந்து பார்க்கும். மேல் மடிப்பிலிருந்து இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டருக்குள் வைத்தால்தான் அது வயிற்றோடு ஒட்டி நிற்கும்.

ஆகவே பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். இதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதை நான் பட்டுத்தான் அறிந்தேன். முன்பக்கத்தையும், அதை முதுகோடு இணைக்கும் பக்கப் பட்டையையும் அழகாகத் தைத்து முடித்து, மூடிக்குக் குமிழும் வைத்த பிறகுதான் காதுகளின் நினைவு எனக்கு வந்தது. பதினேழு சென்டிமீட்டர் அகலப் பைக்குள் இரண்டு ஊசிகளோடு கையை நுழைத்துத் தைக்க முடியுமா? முடியாது. வேறு வழியின்றி ரிவெட் (தோலைத் துளைத்து இறுக்கும் உலோக ஆணி) அடித்தேன். ரிவெட்டின் தலைகள் கில்ட்டின் கம்பளித் துணியை உரசி உரசி இரண்டு வட்டங்களாகப் பஞ்சு கிளப்பிவிட்டன. வாடகைக் கடைக்காரர் அந்த வட்டங்களைக் கண்டுபிடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. முன்பணத்தில் பாதி போயிற்று.

16 ஜனவரி 2023

எல்லாத் துண்டுக்கும் 2 மில்லிமீட்டர் போதும் என்று 9ஆம் தேதி எழுதியது தவறு. முதுகுக்கும் முன்பக்கத்துக்கும் அது சரி. பக்கப் பட்டைக்கு 1.2 மில்லிமீட்டருக்கு மேல் போனால் மடிப்பு நிற்காது; பையின் வாய் முதலையின் வாய் போலப் பிளந்தே இருக்கும். நான் இதை எழுதிய இரவே நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முதல் ஸ்போரன் அலமாரியில் வாயைப் பிளந்துகொண்டு எதிரிலேயேதான் இருக்கிறது.

29 ஜனவரி 2023

உங்களுக்குப் பதில் எழுதப்போய் நானும் இரண்டாவது ஒன்றைத் தொடங்கிவிட்டேன். இனி எழுதுவது அதை வைத்துத்தான்.

முதுகையும் மூடியையும் ஒரே துண்டாக வெட்டியிருக்கிறேன்: 17 சென்டிமீட்டர் அகலம், முதுகு 18 சென்டிமீட்டர் உயரம், அதற்கு மேல் மடிந்து முன்னால் விழும் மூடிக்கு 12 சென்டிமீட்டர். காதுகள் இரண்டும் முதுகில் தைத்தாகிவிட்டது. வெறும் பிளவாக வெட்டிவிடாமல், உள்பக்கம் ஒரு தோல் திட்டை ஒட்டி, அதையும் சேர்த்துத் தைத்தேன். சென்ற முறை ரிவெட் அடிப்பதற்கு முன்னால் பிளவு வெட்டிப் பார்த்ததுண்டு. ஒரே மாதத்தில் சட்டைப் பொத்தான் துளை போல இழுபட்டுவிட்டது.

அடுத்தது பக்கப் பட்டை. என் கணக்கில் ஸ்போரனின் கடினமான பகுதி இதுதான். முன்துண்டின் இடப்பக்கம், வட்டமான அடிப்பக்கம், வலப்பக்கம் என்று ஓடிவரும் ஒரே நீளப் பட்டை. என்னுடையதில் 48 சென்டிமீட்டர். உள்ளே நான்கு சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். தையலுக்கு இரண்டு ஓரத்திலும் எட்டு மில்லிமீட்டர் வீதம் மடிக்க வேண்டும். ஆகப் பட்டையின் அகலம் 5.6 சென்டிமீட்டர். நனைத்து, ஓரங்களை மடித்து, எலும்பு மடிப்புக்கோலால் அழுத்தி, இரண்டு மரச் சட்டங்களுக்கிடையே ஓரிரவு வைத்தால் வாய்க்கால் போல நிற்கும்.

அதன் பிறகு வருவதுதான் வேடிக்கை. 48 சென்டிமீட்டரை 3 மில்லிமீட்டர் இடைவெளியில் குத்தினால் 160 துளை. முன்துண்டில் 160 துளையைக் குத்திவிட்டு, பட்டையிலும் தனியாக 160 துளையைக் குத்தினேன். இரண்டும் சமம்தானே என்று நிம்மதியாக இருந்தேன். வளைவில் வெளிச்சுற்றின் நீளமும் உட்சுற்றின் நீளமும் வேறு என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி. தையல் வலப்பக்கத்தை எட்டியபோது பட்டையில் இரண்டு துளை மிச்சமாகி, பை முழுவதும் திருகிக்கொண்டு நின்றது. பிரித்துவிட்டேன்.

சரியான முறையைச் சொல்லிவிடுகிறேன். முன்துண்டில் மட்டும் துளைகளைக் குத்துங்கள். வளைவில் இரண்டு பல் உளியைப் பயன்படுத்துங்கள், நான்கு பல் உளி வளைவை முறித்துவிடும். பட்டையின் மையத்தையும் முன்துண்டின் அடிமையத்தையும் ஒன்றாக ஒட்டி, அங்கிருந்து இரு பக்கமும் மேல்நோக்கி ஒட்டிக்கொண்டு போங்கள். பிறகு முன்துண்டின் ஒவ்வொரு துளை வழியாகவும் குத்தூசியைச் செலுத்தி, பட்டையில் அப்போதே துளை போடுங்கள். எண்ணிக்கை தானாகவே பொருந்தும்.

5 பிப்ரவரி 2023

தையல் இயந்திரத்தில் தைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டு இயந்திரத்தின் ஊசி முறியும்; அது ஒருபுறம். இயந்திரத் தையலில் மேல்நூலும் அடிநூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒன்று அறுந்தால் அடுத்தடுத்து அவிழும். சேணத் தையலில் ஒரே நூல். இரு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரு ஊசியும் எதிரெதிராகக் கடந்துபோகும். ஒரு பக்கத்து நூல் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்கத்து நூல் தையலைத் தாங்கும். இங்கிலாந்தின் வால்சால் நகரம் குதிரைச் சேணம் தைக்கும் தொழிலால் வளர்ந்தது. அவ்வூர்க் கால்பந்துக் குழுவுக்கே சேணக்காரர்கள் என்றுதான் பட்டப்பெயர்.

தையல் சீராகச் சாய்ந்து விழ ஒரே ஒரு விதிதான் உண்டு: எந்தக் கையின் ஊசி முதலில் நுழைகிறதோ, கடைசித் துளைவரை அதே கைதான் முதலில் நுழைய வேண்டும்; இரண்டாவது ஊசி போகும்போது முதல் நூலைச் சற்றே பின்னிழுத்து, நூலை ஊசி குத்திவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொலைக்காட்சியில் கால்பந்து பார்த்துக்கொண்டே தைத்தால் எந்த இடத்தில் கோல் விழுந்தது என்பதைத் தையலைப் பார்த்தே சொல்லிவிடலாம். என்னுடையதில் முன்பக்க இடது மூலையில் மூன்று தையல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கின்றன.

நூலின் நீளம் தையலின் நீளத்தைப் போல மூன்று மடங்கு இருந்தால் போதும்.

6 பிப்ரவரி 2023

போதவில்லை. நான்கு மடங்கு எடுத்து, கைப்பிடிக்கு மேலும் ஒரு முழம் விடுங்கள். நேற்றிரவு கடைசி பதினான்கு துளைக்கு நூல் தீர்ந்து, புது நூல் கோத்து, பழைய தையலின் மேல் மூன்று துளை பின்னோக்கிப் போய்த் தொடர வேண்டியதாயிற்று. மூன்று மடங்கு என்று எழுதிய கையாலேயே அதையும் தைத்தேன்.

18 பிப்ரவரி 2023

இன்று காலை மூடியில் முடிச்சுச் சித்திரம் செதுக்கலாம் என்று தோலை நனைத்து, இரும்பு அளவுகோலை வைத்துக் கோடு போட்டு, காகிதம் நகராமலிருக்க எஃகுக் கிளிப் இரண்டைக் கவ்வவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அளவுகோல் இருந்த இடத்தில் நீலக்கறுப்பாக ஒரு கோடும் கிளிப்புகளின் வாயளவில் இரண்டு கறையும் விழுந்திருந்தன. துணியால் துடைத்தேன், போகவில்லை. சோப்புப் போட்டேன், இன்னும் கறுத்தது போலத் தோன்றியது.

எலுமிச்சம்பழத்தை நறுக்கித் தேய்த்ததில் கிளிப்பின் கறை ஏறத்தாழ மறைந்தது. கோடு மட்டும் வெளிறிய தழும்பாக நிற்கிறது. ஈரத்தோலின் பக்கத்தில் இரும்பைக் கொண்டுபோகாதீர்கள். பிளாஸ்டிக் அளவுகோல் பள்ளிக்கூடக் கடையில் மலிவாகக் கிடைக்கும்.

19 பிப்ரவரி 2023

நேற்றுக் கறையைத் திட்டிக்கொண்டே தூங்கினேன். காலையில்தான் உறைத்தது: இது கறையல்ல, மை. நம் ஊரில் கடுக்காயோடு அன்னபேதியைச் சேர்த்து மை காய்ச்சுவார்கள். கடுக்காயில் உள்ள துவர்ப்பும் அன்னபேதியில் உள்ள இரும்பும் சேர்ந்து கறுப்பாவதுதான் அந்த மை. மரப்பட்டையில் பதனிட்ட தோல் முழுக்க முழுக்கத் துவர்ப்பு ஏறியது. என் கிளிப் இரும்பைக் கொடுத்தது. தண்ணீர் இரண்டையும் சேர்த்துவைத்தது. தோல் பதனிடுவதற்காக இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குக் கடுக்காய் கப்பலேறிய காலமும் உண்டு. எலுமிச்சையின் புளிப்பு இரும்பைப் பிரித்தெடுத்துவிடுவதால் கறை வெளுக்கிறது.

அப்படியென்றால் மூடி முழுவதையும் இப்படியே கறுப்பாக்கிவிட்டால் தழும்பு எங்கே தெரியும்? எண்ணெய் நீங்கக் கழுவிய எஃகுப் பஞ்சைச் சாதாரண வினிகர் ஜாடியில் போட்டு, ஜாடியின் மூடியை இறுக்காமல் வைத்திருக்கிறேன். ஒரு வாரம் ஊற வேண்டும். குளியலறை ஊறுகாய்ப் பானை போல நாறுகிறது; வீட்டில் இதைப் பற்றிய பேச்சுவார்த்தை தனியாக நடந்துகொண்டிருக்கிறது.

26 பிப்ரவரி 2023

வடிகட்டிய வினிகர்க் கரைசலைத் துணியில் தொட்டு மூடியில் பூசினேன். முதலில் சாம்பல் நிறம், சில நிமிடங்களில் கருநீலம், பிறகு கறுப்பு. பூசி முடித்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் துடைத்துப் புளிப்பை முறித்தேன்; இதை விட்டுவிட்டால் நாளடைவில் தோல் விறைத்து வெடிக்கும். காய்ந்த பின் விலங்குக் கொழுப்பு எண்ணெயை மெல்லிய படலமாக இரண்டு முறை ஏற்றினேன். எண்ணெய் ஏறியதும் கறுப்பு ஆழமாயிற்று.

முன்பக்கத்தையும் அவ்வாறே கறுப்பாக்கினேன். முதுகை மட்டும் தோலின் இயல்பான நிறத்திலேயே விட்டுவிட்டேன். காரணத்தைக் காது மாட்டும் பேச்சு வரும்போது எழுதுகிறேன்.

5 மார்ச் 2023

உங்கள் நண்பரின் தாத்தா வீட்டுப் பரணில் கிடைத்த பழைய உரோமத் தோலை முன்பக்கத்தில் ஒட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த விலங்கு என்று உறுதியாகத் தெரியும்வரை தொடாதீர்கள். பழைய ஸ்போரன்களில் கடல்நாய், நீர்நாய், பேட்ஜர் (வளை தோண்டி வாழும் காட்டு விலங்கு) ஆகிய மூன்றும் தாராளமாகப் பயன்பட்டன. ஆனால் பேட்ஜருக்கு பிரிட்டனின் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. கடல்நாய்ப் பொருள் வணிகத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் தடை விதித்தது. நீர்நாய் போன்ற பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் உரோமம் கொண்ட ஸ்போரனுக்கு உரிமம் தேவைப்படலாம் என்ற செய்தி 2007இல் ஸ்காட்லாந்து முழுவதும் சிரிப்பும் சினமுமாக அடிபட்டது. மயிரோடு பதனிட்ட மாட்டுத்தோல் கடைகளில் கிடைக்கிறது. முதல் ஸ்போரனுக்கு அதுவும் வேண்டாம் என்பேன். தையல் துளை தெரியாதபடி மயிர் மறைத்துக்கொள்ளும்.

12 மார்ச் 2023

குஞ்சம் கட்டினேன். இங்கே ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். சோபாத் தோலை மறந்துவிடுங்கள் என்று முதல் நாள் எழுதினேன்; மறக்காதீர்கள். குஞ்சத்துக்கு அதைவிடப் பொருத்தமான தோல் இல்லை. மெல்லியது, தளர்ந்து தொங்குவது, விளிம்புக்கு மெருகு தேவையில்லாதது. எட்டு சென்டிமீட்டருக்கு ஏழு சென்டிமீட்டர் துண்டில் மேலே ஒரு சென்டிமீட்டரை விட்டுவிட்டு, கீழே மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் கீற்றுக் கீற்றாக வெட்டி, மேல் ஓரத்தில் பசை தடவி, ஒரு தோல் வாரின் நுனியைச் சுற்றிப் பாய் போலச் சுருட்டினால் குஞ்சம் தயார். மூன்றையும் முன்துண்டில் மாட்டும் வேலை பக்கப் பட்டையைத் தைப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். நான் தையலைப் பிரித்து இதைச் செய்தேன் என்பதை வெளியே சொல்லாமல் விட்டிருக்கலாம்.

குஞ்சத்துக்கு என்ன பயன் என்று யோசித்துக்கொண்டே கட்டினேன். பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்போரன்களின் படங்களைப் பாருங்கள். பலவும் மான்தோலில் செய்த சுருக்குப் பைகள். வாயைச் சுருக்கும் தோல் வார்களின் நுனியில்தான் குஞ்சம் தொங்கும். விரலால் பிடித்து இழுக்க வசதி. பாட்டி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை நினைத்துக்கொண்டால் வேறு விளக்கமே வேண்டாம். வெற்றிலை பாக்குக்குப் பதில் அவர்கள் வேறெதையோ வைத்திருப்பார்கள். பின்னாளில் மூடி வந்து, குமிழ் வந்து, சுருக்கும் வேலை போனபோதும் குஞ்சம் மட்டும் வேலை இல்லாமல் முன்பக்கத்தில் தங்கிவிட்டது.

வாயை மூட உலோகப் பூட்டு வைத்த பழைய பைகளும் உண்டு. எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில், திறக்கத் தெரியாதவர் திறந்தால் சுடும்படி நான்கு சிறு கைத்துப்பாக்கிகளை ஒளித்துவைத்த பூட்டு ஒன்று இருக்கிறது. என் கருத்தில் அதைச் செய்தவர் காதுகளை நன்றாகத்தான் தைத்திருப்பார். அந்த எடைக்கு வேறு வழியில்லை.

14 மார்ச் 2023

சுருக்குப் பை பற்றி எழுதியதை வைத்து, அதையே முதலில் செய்யலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி, எனக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டும். பக்கப் பட்டை இல்லை, வளைவுக் கணக்கு இல்லை, ஒரு பைத்துண்டு, ஒரு முதுகு, இரண்டு வார், அவ்வளவே. உட்புறமாகத் தைத்துத் திருப்பிவிட்டால் தையல் கோணலும் உள்ளே போய்விடும். உங்கள் இரண்டு வார இறுதிக் கணக்கு இதற்குச் சரியாக வரும். தடித்த மாட்டுத்தோல் சுருங்காது. மெல்லிய மான்தோலோ ஆட்டுத்தோலோ வேண்டும். சென்னைப் பெரியமேட்டில் முன்பு வாங்கிய, ஆவாரம்பட்டை வாசம் போகாத ஆட்டுத்தோல் ஒன்று என்னிடம் இருக்கிறது. இரண்டாவது ஸ்போரனின் பக்கப் பட்டைக்கு அதைத்தான் பயன்படுத்தினேன், மீதியை உங்களுக்கு அனுப்புகிறேன். ஆனால் முதுகுக்கு மட்டும் தடித்த தோலே வேண்டும். காதுகள் அங்கேதான்.

2 ஏப்ரல் 2023

மூடிக்குக் குமிழ் வைத்தாயிற்று. திருகு ஒன்றால் உள்ளிருந்து பொருத்தும் உருண்டைத் தலைக் குமிழ். சாம் பிரவுன் குமிழ் என்று கடைகளில் கேட்க வேண்டும். 1858இல் இந்தியாவில் நடந்த சண்டையில் இடக்கையை இழந்த படையதிகாரி அவர். ஒற்றைக் கையால் வாளை உருவ வசதியாக அமைத்துக்கொண்ட இடைவாரால் பெயர் நிலைத்தது. குமிழ்த் தலையைவிடச் சிறிய துளையை மூடியில் போட்டு, அதிலிருந்து மேல்நோக்கி ஒரு சிறு கீறல் விட வேண்டும். முதல் சில நாள் திறக்கச் சிரமமாக இருக்கும். துளையைப் பெரிதாக்காமல் பொறுத்திருங்கள், தோல் தானாகவே வழிவிடும்.

இனி முதுகைக் கறுப்பாக்காத காரணம். முதல் ஸ்போரனுக்கு நான் பூசியது ஸ்பிரிட்டில் கரைத்த கறுப்புச் சாயம். எத்தனை முறை துடைத்தாலும் அந்தச் சாயத்தின் தூள் தோலின் மேல் தங்கும். நடக்கும்போது ஸ்போரனின் முதுகு கில்ட்டின் முன்மடிப்பில் ஓயாமல் உரசும். மழைத்தூறலும் சேர்ந்தால் கம்பளித் துணியில் சாயம் இறங்கிவிடும். முன்பணத்தின் மீதிப் பாதி போனது அதனால்தான். ஜனவரி 15ஆம் தேதிக் குறிப்பில் ரிவெட்டின் மேல் மட்டும் பழியைப் போட்டிருந்தேன். வினிகர்க் கறுப்பு தோலோடு வினைபுரிந்து உருவாவதால் சாயத்தைப் போலத் தூளாக உதிராது. ஆனாலும் கில்ட் வாடகைக்கு எடுத்ததென்றால் முதுகில் எந்த நிறமும் வேண்டாம். மெழுகு மட்டும் தேய்த்து மெருகேற்றுங்கள்.

23 ஏப்ரல் 2023

தொங்கவிட்டுப் பார்த்தேன். பூட்டிய இடைவாரின் பக்கிளுக்குக் கீழே ஓர் உள்ளங்கை அகலம் விட்டு ஸ்போரனின் மேல்விளிம்பு வர வேண்டும் என்பது வழக்கம். கண்ணாடி முன் நின்று, தொலைபேசியையும் சாவியையும் உள்ளே போட்டேன். தலை சாயவில்லை. அறைக்குள் இருபது முறை நடந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கையசைத்தார். கீழே கால்சட்டைதான் அணிந்திருந்தேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஒரு குறை. காதுகளுக்கிடையே 13 சென்டிமீட்டர் வைத்தேன், அது அதிகம். சங்கிலி இருபுறமும் இழுப்பதால் முதுகின் ஓரங்கள் பின்னோக்கி வளைகின்றன. உங்கள் பைக்கு 10 சென்டிமீட்டர் வையுங்கள்.

17 செப்டம்பர் 2023

நேற்று நீங்கள் அனுப்பிய திருமணப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆட்டுத்தோல் சுருக்குப் பை நேராக நிற்கிறது. உங்கள் இடப்பக்கம் நிற்பவரின் வாடகை ஸ்போரன் குனிந்திருக்கிறது. நடனம் தொடங்கியதும் ஸ்போரனை இடுப்பின் பக்கவாட்டுக்குத் தள்ளிவிட்டீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். கார் ஓட்டும்போதும் அப்படித்தான் தள்ளிக்கொள்வார்கள்; ஸ்காட்டிஷ் குழு நடனத்தில் சுழலும்போது அது எதிரில் வருபவரை அடிப்பது ஒருபுறமிருக்க, அணிந்திருப்பவரையே எங்கு அடிக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

விருந்துக்குப் பிறகு வார் ஒரு துளை போதவில்லை என்ற புகாரை ஏற்றுக்கொள்கிறேன். வாருக்கு ஐந்து துளை போடச் சொல்லியிருந்தேன். ஏழு போட்டிருக்க வேண்டும். வாரை அனுப்பிவையுங்கள், துளைத்துத் தருகிறேன். நூல் சுருளையும் கூடவே அனுப்பினால், என் ஸ்போரனிலுள்ள அந்த மூன்று எதிர்ச்சாய்வுத் தையலைப் பிரித்து இந்த வாரம் திருத்திவிடுவேன்.